படமும் சாட்சியும்
வன்னிப் போர்க்கால நிழற்படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர், கிடைக்கும் சான்றுகள் யாருடைய கையால் ஆக்கப்பட்டவை என்னும் வினாவை முதலிலேயே எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். ஒட்டுசுட்டானுக்கு அணித்தாயுள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்துக் கல்லொன்று நாட்டப்பட்டது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை அவ்விடத்தில் முறியடித்தான் என்பதே அக்கல் கூறிய செய்தி. அதற்குப் பின்னர் வன்னி பற்றி எழுந்த விரிவான முதற் கைந்நூலும் 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் பிரித்தானிய நிருவாக அதிகாரியால் எழுதப்பட்டதே. வென்றோர் நாட்டிய கல்லையும் ஆண்டோர் எழுதிய நூலையும் கொண்டு தோற்றோரின் வரலாற்றை உய்த்துணரும் நிலை நமக்குப் பழக்கமானதாகும்.

இருநூறு ஆண்டுகள் கழிந்து, 2009ஆம் ஆண்டில் அதே மண்ணில் முடிவுற்ற போர் குறித்தும் இதே வினா எழுகின்றது. ஆயின் கல்லின் இடத்தை இப்போது நிழற்படம் பெற்றுள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் நிகழ்ந்தவற்றுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் உள. அவை சான்றுகளாகக் கொள்ளத்தக்கனவா, எந்நிலையிற் கொள்ளத்தக்கன, அவற்றின் பின்னே நின்றோர் யாவர் என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நிழற்படம் தானே பேசும் என்பது பொதுவான நம்பிக்கை. வன்னியின் அனுபவம் அந்நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளுமாறு நம்மை வேண்டுகின்றது. யார் எடுத்தார், எங்கே எடுத்தார், எப்போது எடுத்தார், படத்தில் உள்ளவர் யார் என்னும் நான்கு வினாக்களுக்கும் பெயர்சொல்லி விடைகூற ஒருவர் முன்வரும்போதே படம் சாட்சியாகின்றது. அவ்வாறு முன்வருதலே இந்நிலத்தில் உயிருக்கு ஆபத்தான செயலாக இருந்துவந்துள்ளது.

1. படம் சான்றான ஒரு சந்தர்ப்பம்

இக்கருத்தைத் தெளிவுறுத்த, வன்னிக்கு அயலிலுள்ள திருகோணமலையில் நிகழ்ந்த ஒன்றை முதலில் நோக்குதல் தகும். 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்ததனால் இறந்தனர் என்று அதிகாரிகள் முதலிற் கூறினர். மறுநாள் மருத்துவமனையின் பிணவறையில் அவ்வுடல்களை ஒருவர் நிழற்படமெடுத்தார். அவர் 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையை அப்படங்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. படங்கள் அச்சேறியதும் கைக்குண்டுக் கதை நிலைபெறாது போயிற்று.

ஜனவரி 24ஆந் திகதி காலை, பணிக்குச் செல்லப் புறப்பட்ட சுகிர்தராஜன் வீதியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். படம் வெளிவந்த பின்னர் அவர் உயிரோடிருந்த காலம் மூன்று வாரம் மட்டுமே. மாணவர் கொலை தொடர்பாகப் பிற்காலத்தில் கைதுசெய்யப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்னும் காரணத்தினால் 2019ஆம் ஆண்டு ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

இங்கு இரண்டு உண்மைகள் மனங்கொளத்தக்கன. ஒன்று, அப்படங்களை எடுத்தவர் அறியப்பட்டவர். எடுத்த இடமும் நாளும் அறியப்பட்டவை. படத்தில் இருந்தோரின் பெற்றோர் அவ்வூரிலேயே இருந்தனர். நான்கு வினாக்களுக்கும் விடை இருந்தமையாலேயே அவை மறுக்கவியலாச் சான்றுகளாயின. மற்றது, அவ்விடைகளுள் முதலாவதை அழித்தலே கொலையாளிகளின் வேலையாயிற்று. படத்தைக் கிழிக்க இயலாதபோது படத்துக்குச் சாட்சி கூறுபவரை நீக்கிவிடல் என்னும் இம்முறையை மனத்திற் கொண்டே வன்னிக்குள் நாம் செல்ல வேண்டும்.

2. சாட்சிகள் அகற்றப்பட்ட நிலம்

வெளியுலகின் கண்கள் வன்னிக்குள் நுழைவது நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரலில், லண்டன் 'சண்டே ரைம்ஸ்' இதழின் செய்தியாளர் மேரி கொல்வின் அனுமதியின்றி வன்னிக்குட் சென்று, பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த மக்களின் நிலையைக் கண்டறிந்தார். அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்புகையில் இராணுவத்தினரின் தாக்குதலுக்குள்ளாகி இடக்கண்ணை இழந்தார். கண்ட குற்றத்துக்குக் கண்ணே விலையாயிற்று என்று அந்நாளிற் பலரும் இரங்கினர்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கை சில ஆண்டுகள் பாதையைத் திறந்துவைத்தது. அக்காலத்திற் பல நாட்டுப் படப்பிடிப்பாளர்களும் கிளிநொச்சிக்கு வந்துசென்றனர். 2006இல் போர் மீண்டும் முனைப்புப் பெற்றதும் பாதைகள் அடைபட்டன. 2007ஆம் ஆண்டு நவெம்பர் 27ஆந் திகதி கிளிநொச்சியில் 'புலிகளின் குரல்' வானொலி நிலையம் வான்வழிக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதில் அந்நிலையத்தின் ஊழியர் மூவரும் அயலிலிருந்தோர் சிலரும் இறந்தனர். போர்த்தரப்பொன்றின் வானொலியே எனினும், ஒலிபரப்பு ஊழியர் குண்டுவீச்சுக்கு உரிய இலக்காகார் என்று யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகம் அதனைக் கண்டித்தார்.

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிகழ்ந்ததே தீர்மானகரமானது. தொண்டு நிறுவனங்களும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் வன்னியை விட்டு வெளியேற வேண்டுமென அரசாங்கம் பணித்தது. அம்மாதம் 16ஆந் திகதி ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டனர். அதற்கு முந்திய நாள்களில் மக்கள் அவ்வலுவலக வாயிலில் திரண்டு, போகவேண்டாமென்று மன்றாடினர். அக்காட்சி ஒளிப்பதிவாகியுள்ளது. அம்மக்கள் வேண்டியது உணவோ மருந்தோ மட்டுமன்று. நடப்பதைக் காண ஒருவர் இருக்கவேண்டும் என்பதே அவர்களின் வேண்டுதலாக இருந்தது. காண்போர் இல்லாத இடத்தில் எதுவும் நிகழலாம் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

2009ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி கிளிநொச்சியும், அம்மாதம் 25ஆந் திகதி முல்லைத்தீவும் அரச படைகளின் வசமாயின. மக்கள் தறப்பாளையும் பாத்திரங்களையும் சுமந்து சுதந்திரபுரம், தேவிபுரம், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கிழக்கு நோக்கி ஒதுங்கினர். ஜனவரி 21ஆந் திகதி முதலாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. பெப்ரவரியிலும் மேயிலும் வலயங்கள் மேலும் சுருங்கின. அவற்றினுட் சுதந்திரமான செய்தியாளர் ஒருவரேனும் அனுமதிக்கப்படவில்லை. வெளியேறிவந்தோர் தடுத்துவைக்கப்பட்ட வவுனியா முகாம்களிலும் இதே நிலைதான். மே மாதத் தொடக்கத்தில் அம்முகாம்களின் நிலை பற்றிச் செய்தி ஒளிபரப்பிய பிரித்தானியாவின் 'சனல் 4' தொலைக்காட்சிக் குழுவினர், சில நாள்களுள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். அக்காலத்தில் செட்டிகுளம் மெனிக் பாமிலும் பிற முகாம்களிலுமாக ஏறத்தாழ 280,000 பேர் அடைபட்டிருந்தனர்.

3. உள்ளிருந்த கண்

வெளியார் அகன்றபின் எஞ்சியவர் உள்ளூரவரே. விடுதலைப் புலிகளின் ஊடகப் பிரிவினரும், உள்ளூர்ச் செய்தியாளரும், மருத்துவப் பணியாளரும், தற்செயலாகக் கையிற் கமரா வைத்திருந்த இளைஞரும் எடுத்த படங்களே 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்கு உள்ளிருந்து கிடைக்கும் காட்சிச் சான்றுகளுட் பெரும்பாலானவை. பாடசாலைகளில் இயங்கிய தற்காலிக மருத்துவமனைகள், மரநிழலிற் கிடத்தப்பட்ட காயப்பட்டோர், எறிகணை விழுமுன் பதுங்குகுழிக்குட் பாயும் பிள்ளைகள் ஆகியோரை நாம் காண்பது அவர்களின் கமரா வழியாகவே. கவிஞரும் நிழற்படக் கலைஞருமாகிய அமரதாஸ் போன்றோர் வன்னியிலிருந்து எடுத்த படங்கள் பிற்காலத்தில் வெளிநாடுகளிற் காட்சிப்படுத்தப்பட்டன. செய்தியாளர் பு. சத்தியமூர்த்தி 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி எறிகணை வீச்சிற் கொல்லப்பட்டார். அவர்போற் பலர், தாம் பதிவுசெய்த நிகழ்ச்சிகளின் பகுதியாகவே மறைந்தனர்.

இப்படங்களுட் பல நடுங்குகின்றன; கோணலாகவுள்ளன; சட்டத்தின் ஒரு பாதியை மண்சுவர் மறைத்து நிற்கின்றது. கலைக்குறையென இவற்றைத் தள்ளுதல் பிழையாகும். 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில், நாசிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிற் கைதி ஒருவர் மறைவாக நான்கு நிழற்படங்கள் எடுத்தார். படச்சுருள் பற்பசைக் குழாய்க்குள் மறைத்துக் கடத்தப்பட்டது. போருக்குப் பின் அவற்றை அச்சிட்டோர், படத்தைச் சூழ்ந்திருந்த கருமையான ஓரத்தைப் பயனற்றதென்று வெட்டி நீக்கினர். அக்கருமை, எடுத்தவர் ஒளிந்துநின்ற வாயிலின் நிழல். அதனை வெட்டியோர், எத்தகைய ஆபத்தில் அப்படம் எடுக்கப்பட்டது என்னும் செய்தியையே வெட்டிவிட்டனர். வன்னிப் படங்களில் தெரியும் பதுங்குகுழியின் மண்விளிம்பும் அத்தகையதே. எடுத்தவர் எங்கே நின்றார் என்பதற்கு அதுவே சாட்சி.

எனினும் இச்சான்றுகளின் குறைபாட்டையும் மறைத்தலாகாது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிற் சுதந்திர ஊடகம் இயங்க இடமிருக்கவில்லை. எதனைப் படமெடுக்கலாம், எதனை வெளியே அனுப்பலாம் என்பதை இயக்கமே முடிவுசெய்தது. எறிகணையால் இறந்த குழந்தையின் படம் நம்மிடம் உண்டு. கட்டாயமாகப் படையிற் சேர்க்கப் பிடித்துச்செல்லப்பட்ட பிள்ளையின் பின்னே ஓடிய தாயின் படம் அரிதினும் அரிது. தப்பியோட முயன்றோர் புலிகளாற் சுடப்பட்டதையும், மக்கள் கேடயமாக வைத்துக்கொள்ளப்பட்டதையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்துள்ளது. அதே அறிக்கை, இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரையில் இறந்திருக்கலாம் என்றும், அவ்விறப்புகளுட் பெரும்பாலானவை அரச படைகளின் எறிகணை வீச்சால் நேர்ந்தவை என்றும் கூறுகின்றது. இரு பகுதியையும் ஒருசேரக் கூறாதவிடத்து வரலாறு பிரசாரமாகிவிடும். படமெடுக்கப்படாதவையும் வரலாற்றின் பகுதியென்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

இக்குறைபாட்டையே காரணமாகக் காட்டி, உள்ளிருந்து வந்த அனைத்தும் புலிகளின் பிரசாரமென்று அரசாங்கம் தள்ளியது. தங்கமுத்து சத்தியமூர்த்தி, துரைராஜா வரதராஜா, வீ. சண்முகராஜா முதலிய அரச மருத்துவர்கள் தொலைபேசிவழி இறப்பு விபரங்களை வெளியிட்டுவந்தனர். மே மாதத்திற் கைதான அவர்கள், ஜூலையிற் கொழும்பில் நிகழ்ந்த செய்தியாளர் கூட்டத்தில், அவ்விபரங்கள் புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினர். அவ்வாறு கூறுமாறு தாம் கட்டாயப்படுத்தப்பட்டதாக வரதராஜா பின்னர் வெளிநாட்டிலிருந்து தெரிவித்தார். திருகோணமலையிற் சாட்சியின் உயிர் பறிக்கப்பட்டது. இங்கே சாட்சியின் சொல் திரும்பப் பெறுவிக்கப்பட்டது. முறை வேறாயினும் பயன் ஒன்றே.

4. வென்றோர் எடுத்த படங்கள்

இனி, இவ்வரலாற்றின் விந்தையானதும் கொடியதுமான பகுதிக்கு வருவோம். வன்னிப் போர் தொடர்பாக உலகினர் பெரிதும் நம்பிய படங்கள், பாதிக்கப்பட்டோர் எடுத்தவையல்ல. அவை படையினர் தம் கைத்தொலைபேசியில் வெற்றிச் சின்னங்களாக எடுத்துவைத்தவை என்று கருதப்படுபவை.

2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி, புலம்பெயர்ந்த இலங்கைச் செய்தியாளரின் அமைப்பொன்று பெற்றுக்கொடுத்த ஒளிப்பதிவை 'சனல் 4' வெளியிட்டது. கண்களும் கைகளும் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட மனிதர் பின்புறமாகச் சுடப்படும் காட்சி அது. போலியென்று அரசாங்கம் மறுத்தது. நீதிக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் தடயவியல் நிபுணர் மூவரைக்கொண்டு அதனை ஆராய்ந்து, உண்மையானதென்று கருதத்தக்கதென 2010ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தார். அதன் நீண்ட வடிவத்தையும் அவருக்குப்பின் அப்பதவி வகித்த கிறிஸ்ரொவ் ஹெய்ன்ஸ் 2011இல் ஆராய்ந்து அம்முடிவையே வலியுறுத்தினார். காயத்திலிருந்து குருதி வழியும் முறை, துப்பாக்கியின் பின்னுதைப்பு, ஒலியும் காட்சியும் பொருந்தும் விதம் ஆகியவை அணுவணுவாக நோக்கப்பட்டன. இப்பதிவுகள் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒளிபரப்பான ஆவணப்படத்திலும், கலம் மக்ரே இயக்கி 2013இல் வெளிவந்த 'நோ பயர் சோன்' படத்திலும் இடம்பெற்றன.

2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான வேறு சில படங்கள் இன்னும் நுண்ணிய சான்றாயின. புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன், மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்றினுள் அமர்ந்து தின்பண்டம் உண்ணும் படம் அவற்றுள் ஒன்று. மார்பிற் சூட்டுக் காயங்களுடன் அவன் கிடக்கும் படம் மற்றொன்று. ஒரே கமராவினால், ஏறத்தாழ இரண்டு மணித்தியால இடைவெளியில் அவை எடுக்கப்பட்டவையென ஆராய்ந்தோர் கூறினர். அவ்வாண்டு நவெம்பரில், செய்தி வாசிப்பாளர் இசைப்பிரியா உயிரோடு படையினராற் பிடிக்கப்படும் ஒளிப்பதிவு வெளிவந்தது. போரில் மாண்டார் என்று பாதுகாப்பு அமைச்சு முன்னர் வெளியிட்டிருந்த செய்தியுடன் அது முரண்பட்டது. இவற்றையும் அரசாங்கம் ஏற்கவில்லை.

கற்சிலைமடுக் கல்லுக்கும் இப்படங்களுக்கும் உள்ள ஒற்றுமை நோக்கற்பாலது. இரண்டும் வென்றோர் தம் பெருமைக்காக ஆக்கியவை. கல்லில் வென்றவனின் பெயர் பொறிக்கப்பட்டது. கைத்தொலைபேசியில் எடுத்தவனோ தன் பெயரை மறைத்தான். விஞ்ஞானம் அப்படங்களின் உண்மையை உறுதிசெய்தது. படம் பிடித்த கையையும், படத்திற் கிடந்த பெரும்பாலோரின் பெயரையும் அதனாற் கூற இயலவில்லை. செய்மதிப் படங்களுக்கும் இக்குறை பொருந்தும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றக் கழகம் செய்மதிப் படங்களை ஆராய்ந்து, பாதுகாப்பு வலயத்தினுள் எறிகணைக் குழிகள் இருந்தமையைக் காட்டியது. குழிகளை எண்ணலாம், அவற்றுள் வீழ்ந்தோரை வானிலிருந்து பெயர்சொல்லி அழைக்க இயலாது.

ஆகவே, உள்ளிருந்தோர் எடுத்த படங்களில் இடமும் நாளும் பெயரும் இருந்தன; எடுத்தவர் யாரென்பதைக் காட்டி அவை மறுக்கப்பட்டன. வென்றோர் எடுத்த படங்கள் உண்மையென நிறுவப்பட்டன. அவற்றிற் பெயர்கள் இல்லாதொழிந்தன. ஒவ்வொரு தொகுதியும் நான்கு வினாக்களுட் சிலவற்றுக்கே விடைகூறிற்று.

5. பெயர் சொல்லும் படங்கள்

குறையாக நின்ற அவ்விடைகளை நிரப்ப முன்வந்தோர் வன்னித் தாய்மாரே. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றிலிலும், சில நாள்களின் பின் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டங்களைத் தொடங்கினர். அவை ஆண்டுக்கணக்காக நீடித்தன. அங்கு ஒவ்வொருவர் கையிலும் இருந்தது ஒரு படம். அடையாள அட்டைக்கென எடுத்தது; பாடசாலையில் எடுத்தது; திருமண வீட்டிற் கூட்டமாக எடுத்ததிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்துப் பெருப்பித்தது. செய்தி எனும் நோக்கில் அவை எடுக்கப்பட்டவையல்ல. ஆயினும் அவற்றைப் பிடித்திருந்தோர், இவர் என் மகன், இவர் பெயர் இது, இன்ன நாளில் இன்ன இடத்தில் இராணுவத்திடம் கையளித்தேன் என்று கூறவல்லோர். நான்கு வினாக்களுள் படத்தில் உள்ளவர் யார் என்பதற்கு அவர்களைப் போல விடைகூறக்கூடிய நிபுணர் எவருமிலர்.

அச்சிட்ட ஒரு படம் எத்துணைப் பொருள் பெறக்கூடும் என்பதற்கு வவுனியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலின்போது வழங்கப்பட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றில், வேட்பாளருடன் மாணவியர் நிற்கும் படம் அச்சிடப்பட்டிருந்தது. அம்மாணவியருள் ஒருத்தி, போரின் முடிவிற் காணாமற்போன தன் மகளென்று தாய் ஒருவர் கூறினார். அப்படத்தை எடுத்தவர் யார், எந்நாளில் எங்கே எடுத்தார் என்பவற்றை அறிந்து சொல்லுமாறு அவர் அலுவலகந்தோறும் கேட்டுத் திரிந்தார். வரலாற்றாசிரியர் ஒரு படத்தை நோக்கிக் கேட்கவேண்டிய வினாக்களையே அத்தாய் கேட்டார்.

6. போருக்குப் பின்னும் தொடரும் ஆபத்து

போர் ஓய்ந்தபின் இவ்வாபத்தும் ஓய்ந்ததெனக் கருதுதல் பொருந்தாது. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி, முல்லைத்தீவு மாவட்டத்தின் முறிப்புப் பகுதியிற் சட்டவிரோதமாகத் தேக்குமரம் வெட்டிக் கடத்தப்படுவதைப் பதிவுசெய்யச் சென்ற செய்தியாளர் கணபதிப்பிள்ளை குமணன், சண்முகம் தவசீலன் ஆகிய இருவரும் மரக்கடத்தலில் ஈடுபட்டோரால் தாக்கப்பட்டனர். அவர்களின் கமராவிலிருந்த பதிவுகள் அழிக்கப்பட்டன. தாக்கியோரின் கவனம் முதலிற் சென்றது எதன்மீது என்பது இங்குக் கருதத்தக்கது. 2021ஆம் ஆண்டு நவெம்பர் 27ஆந் திகதி, முள்ளிவாய்க்கால் என்னும் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படமெடுத்த செய்தியாளர் ஒருவர் இராணுவத்தினரால் தாக்கப்பட்டார். ஓர் ஊரின் பெயரைப் படமெடுப்பதே குற்றமாயிற்று.

2023ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அகழ்வு நிறைவுற்றபோது 52 எலும்புக்கூட்டுத் தொகுதிகள் மீட்கப்பட்டிருந்தன. அப்புதைகுழியையும் பின்னர் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியையும் தொடர்ந்து படமெடுத்தோருள் மேற்குறித்த குமணனும் ஒருவர். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் அவர் பயங்கரவாதத் தடுப்பு, விசாரணைப் பிரிவினரால் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்.

மரக்கடத்தற் கூட்டத்தினரும் சீருடையினரும் ஒரே கமராவை அஞ்சுவது வன்னிக்கு மட்டுமுரியதன்று. மெக்சிக்கோவின் எல்லைநகரான சியுடாட் ஹுவாரெஸில் போதைப்பொருட் குழுக்களின் மோதல் உச்சமடைந்திருந்த காலத்தில், 'எல் டியாரியோ' நாளிதழின் குற்றச்செய்தியாளர் அர்மாண்டோ றொட்ரிகெஸ் 2008ஆம் ஆண்டு நவெம்பரிலும், அவ்விதழின் 21 வயது நிழற்படக்காரர் லூயிஸ் கார்லோஸ் சந்தியாகோ 2010ஆம் ஆண்டு செப்டெம்பரிலும் கொல்லப்பட்டனர். இரண்டாவது கொலையின் பின், நகரை உண்மையில் ஆள்வோர் நீங்களே என்று அக்குழுக்களை விளித்து, எங்களிடம் என்னதான் எதிர்பார்க்கின்றீர்கள் என்று அவ்விதழ் தன் ஆசிரியத் தலையங்கத்திற் கேட்டது. அங்கு அரசு பலவீனமாக இருந்தமையாற் செய்தியாளர் மாண்டனர். இங்கு அரசு வலிமையுடனிருந்தும் அவர்களுக்குக் காப்பில்லை. ஆயினும் ஹுவாரெஸில் மறுநாளும் நாளிதழ் வெளிவந்தது. இறந்தோரின் பெயர் அச்சேறியது. 2009ஆம் ஆண்டில் வன்னிக்கு அத்துணை வாய்ப்பும் கிட்டவில்லை.

7. முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். வன்னியின் அண்மைக்கால வரலாற்றுக்குப் படங்கள் குறைவில்லை. படங்களையும் பெயர்களையும் சேர்த்துவைத்த ஏடுகளே குறைவு. இன்று அப்படங்கள் பல நாடுகளிற் சிதறிக் கிடக்கின்றன. நினைவுநாள்தோறும் அவை மீண்டும் மீண்டும் அச்சிடப்படுகின்றன. அவ்வாறு அச்சிடப்படுந்தோறும் நாளும் இடமும் உதிர்ந்துபோகின்றன. ஏப்ரலில் மாத்தளனில் எடுத்த படத்தின்கீழ் மே மாத முள்ளிவாய்க்கால் என்று எழுதப்படின், மறுப்போர் கையில் நாமே ஆயுதத்தைக் கொடுத்தவராவோம். ஒரு படத்தின் குறிப்பு பிழையென நிறுவப்பட்டால், மெய்யான நூறு படங்களும் ஐயத்துக்குள்ளாகும்.

ஆதலின் நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையினரும் தமிழ்ச் சங்கத்தினரும் மேற்கொள்ளவேண்டிய பணி தெளிவானது. கிடைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் மேற்கூறிய நான்கு வினாக்களைக் கேட்டு, விடைகளை வேறாக ஓர் ஏட்டிற் பதிதல் வேண்டும். எடுத்தவர் அஞ்சுவாராயின் அவர் பெயரை முத்திரையிட்டு, அவர் இசையும் காலம் வரை வெளியிடாது காத்தல் வேண்டும். படத்தின் ஓரங்களை வெட்டலாகாது. இரு தரப்பாரின் குற்றங்களுக்கும் உரிய படங்களை ஒரே அளவுகோலால் மதிப்பிடல் வேண்டும். படமில்லாத நிகழ்ச்சிகளுக்குக் கண்டோரின் வாய்மொழியைப் பெறுதல் வேண்டும். இதற்குரிய காலம் நீளமானதன்று. காணாமற்போனோரின் படங்களை ஏந்திய பெற்றோருட் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். அவர்களுடன் படத்திலுள்ளவர் யார் என்னும் வினாவுக்கான விடையும் மறைந்துபோகின்றது.

பண்டாரவன்னியனோடு களத்தில் நின்றோரின் பெயர்களை இன்று நாம் அறியோம். அதற்கு அக்காலத்தைக் குறைகூறலாம். நம் காலத்தவரின் முகங்களோ நம் கையில் உள. அம்முகங்களுக்குப் பெயர் எழுதாது விடுவோமாயின், பின்வருவோர் குறைகூறுவது நம்மையே ஆகும்.